பேச்சியம்மாள் காலுக்குப் போட்ட ரோடு

போன மாதம் ஒரு போன் வந்தது. எனக்குக் கீழே வேலை பார்த்து, பரீட்சை எழுதி மேலே போன தம்பி ஒருவன், இப்போது ஒரு பெரிய நகரத்தில் சைக்கிள் பாதை போடும் பிரிவில் இன்ஜினியராக இருக்கிறான். ரோட்டோரம் பச்சைப் பெயிண்ட் அடித்து, வெள்ளையில் சைக்கிள் படம் வரைந்து, திறப்பு விழாவும் நடத்தி முடித்தார்களாம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அந்தப் படத்தின் மேல் ஒரு கார் நின்றதாம். அதற்குப் பின்னால் இளநீர் வண்டி, அதற்கும் பின்னால் இஸ்திரி வண்டி.

"அண்ணாச்சி, நம்ம ஊர்ல அப்பவே சைக்கிளுக்குன்னு தனி ரோடு போட்டீகளே, அது எப்படி ஓடுச்சு? கொஞ்சம் எழுதிக் குடுங்களேன், எங்க ஆபீஸ்ல காட்டணும்" என்றான்.

எழுதிக் கொடு என்றால் அரசாங்க ஊழியன் வழக்கமாக என்ன செய்வானோ அதைச் செய்தேன். ஒரு மாதம் சும்மா இருந்தேன். இப்போது எழுதுகிறேன். ஆபீசில் காட்டலாமா வேண்டாமா என்று படித்த பிறகு அவனே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சிவகாசியைச் சுற்றிப் பட்டாசுக் கம்பெனிகளை நம்பிப் பிழைக்கும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்ஷன் இன்னும் ஒழுங்காக வருகிறது, அதைக் கெடுத்துக்கொள்ள ஆசையில்லை.

நான் நகராட்சியில் ஒர்க் இன்ஸ்பெக்டர். காகிதத்தில் பணி மேற்பார்வையாளர். பிறந்தது மல்லாங்கிணறு பக்கம். மழையை நம்பி விதைத்து, மழை வராததைப் பற்றிப் பேசியே வருடத்தை ஓட்டும் குடும்பம். விருதுநகருக்குப் போய் ஐ.டி.ஐ. படித்தேன், தினக்கூலியாகத் தார் டின் தூக்கினேன், பிறகு வேலை நிரந்தரமானது. எந்த ஜல்லி எதற்கு, தார் எந்த நேரத்தில் பதமாகும், கான்ட்ராக்டர் அளவுக்கு மீறிச் சிரித்தால் குறை எங்கே இருக்கும், இவற்றைக் கற்றுக்கொள்ள ஆறேழு வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு முப்பது வருடம் நான் கற்றது எதுவுமில்லை, ஃபாரம் நிரப்பினேன்.

ஒரு உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

சின்ன வயதில் வாய்க்கவில்லை. பெரியவனான பிறகு கற்றுக்கொள்ள வெட்கம். ஆனால் நகராட்சியில் எனக்கு ஒரு சைக்கிள் கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் காரணம் எழுத வேண்டும். அதனால் ஹாண்டில்பாரில் பையை மாட்டிக்கொண்டு ஊர் முழுவதும் அதை உருட்டிக்கொண்டே நடந்தேன். கேட்டவர்களிடம், "ரோட்டைப் பாத்துக்கிட்டே போகணும்ல" என்றேன். ஒரு கமிஷனர் இதை நம்பி, மற்ற இன்ஸ்பெக்டர்களைக் கூப்பிட்டு, "அவரைப் பாருங்கய்யா, ஒரு அடி ரோட்டைக்கூட விடாமப் பாக்கிறார்" என்று திட்டியிருக்கிறார். அந்த வருடம் எனக்கு நற்சான்றிதழ் கிடைத்தது. இன்னும் வைத்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. ஆண்களின் சட்டைப் பையில் செல்போன் ஏறியிருந்தது, பைக் இன்னும் ஏறவில்லை. எங்கள் ஊரிலிருந்து கம்பெனிகளுக்குப் போகும் கிழக்கு ரோடு மூன்று கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு அந்த ரோட்டின் ஓரம் முழுவதும் சைக்கிள்தான். பெரும்பாலும் பெண்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஹாண்டில்பாரில் தூக்குச்சட்டியை மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே போவார்கள். தீபாவளி சீசன் தொடங்கிவிட்டால் லோடு ஏற்றும் லாரிகளும் அதே ரோட்டில் வரும். லாரி ஹாரன் அடிக்கும், சைக்கிள் ரோட்டை விட்டு இறங்கும். இதுதான் அந்த ரோட்டின் சட்டம்.

ஆனால் இறங்குவதற்கு இடம் வேண்டுமே. நாங்கள் பழைய தாரைத் தோண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ரோடு வருடத்துக்கு வருடம் வளர்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் அரை அடிப் பள்ளம். அதைக் கிராவல் மண் கொட்டி நிரப்ப வேண்டும். நிரப்பத்தான் செய்தோம். ஒரு மழையில் எல்லாம் கரைந்து போனது. மழைக்குப் பிறகு போய்ப் பார்த்து எழுத வேண்டியவன் நான். போகவில்லை. பார்த்ததாக எழுதினேன்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, பின்னால் வந்த லாரிக்கு வழிவிட்டு இறங்கிய பேச்சியம்மாள் அந்த விளிம்பில் சறுக்கி விழுந்தாள். லாரி அவளைத் தொடக்கூட இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. முப்பத்தைந்து வயது இருக்கும். பேக்கிங் பிரிவில் வேலை. வீட்டுக்காரர் லோடு தூக்கி இடுப்பு போனவர், இரண்டு பெண் பிள்ளைகள். அவள் வேலைக்குப் போனால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். சீசன் தொடங்கும் நேரத்தில் அவள் கட்டிலில் விழுந்தாள்.

மறுநாள் காலை நான் ஆபீசுக்குப் போனால் வாசலைக் காணோம். கேட்டிலிருந்து படி வரைக்கும் சைக்கிள்கள். ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கொடி இல்லை, கோஷம் இல்லை, ஆளே இல்லை. பெண்கள் எல்லாரும் கம்பெனிக்கு நடந்தே போய்விட்டார்கள். நகராட்சித் தலைவர் கார் உள்ளே மாட்டிக்கொண்டது. கமிஷனர் என்னைப் பார்த்து, "நிக்கிறீங்களே, எடுங்க" என்றார். பூட்டிய நூறு சைக்கிளை எங்கே எடுப்பது? சாயங்காலம் வந்து அவரவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் தலைவர் ஆட்டோவில் வந்து இறங்கி, தனி ரோடு போட உத்தரவிட்டார்.

அதைப் போட்டவர் எஸ்தர் மேடம். விருதுநகர்க்காரர். டீச்சர் வீட்டுப் பெண். எங்களுக்கு உதவிப் பொறியாளராக வந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. குரலை உயர்த்தவே மாட்டார். நாம் என்ன சொன்னாலும் முழுவதும் கேட்டுவிட்டு, "அளந்தீகளா அண்ணாச்சி?" என்பார். அந்த ஒரு கேள்வியில் எங்கள் ஆபீசே ஆடிப்போனது. அதுவரை நாங்கள் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர, அளந்ததில்லை. அவருடைய கைப்பையில் எப்போதும் டேப் இருக்கும். அளந்தேன் என்றால், "சரி, நானும் ஒரு தடவ பாத்துக்கிடுதேன்" என்று ஸ்கூட்டியை எடுத்துவிடுவார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கிழக்கு ரோட்டை ஒட்டி ஒரு பழைய வண்டிப்பாதை உண்டு. சீமைக் கருவேலம் மூடிக் கிடந்தது. அதை வெட்டி, கிராவல் போட்டு, ரோலர் விட்டு, ஜல்லி பரப்பி, மேலே தார் போட்டோம். ஐந்தடி அகலம். தார் கொதிக்கும் கொப்பரைக்குப் பக்கத்தில் மேடம் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரோலர் டிரைவர் என்னிடம், "தாருக்குக் காய்ச்சலா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

பைக்குகள் நுழையாமலிருக்க இரண்டு முனையிலும் கல் நட்டோம். இடைவெளி எவ்வளவு விடுவது என்று நான்தான் அளந்தேன். என் சைக்கிளின் ஹாண்டில்பாரை அளந்து, இரண்டு பக்கமும் நாலு விரல் சேர்த்து விட்டேன். முதல் நாளே ஒரு பெண் பின்னால் சாக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்து, ஹாண்டில்பார் நுழைந்து மூட்டை நுழையாமல், முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் நின்றாள். பேச்சியம்மாளின் நாத்தனார் முத்துலட்சுமி அது. "கேரியர்னு ஒண்ணு இருக்குறது தெரியாதா சார் ஒங்களுக்கு?" என்றாள். ஒரு கல்லைப் பிடுங்கினோம்.

அதே முத்துலட்சுமி இன்னொரு புகாரும் சொன்னாள். ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு பள்ளம் இருக்கிறது, தூக்கிப் போடுகிறது என்றாள். போய்ப் பார்த்தேன். நின்று பார்த்தேன், குனிந்தும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "நேரில் நின்று ஆய்வு செய்யப்பட்டது, பள்ளம் ஏதுமில்லை" என்று எழுதி வைத்தேன்.

பத்து நாள் நன்றாக ஓடியது. மேடம்கூட ஒரு தடவை சிரித்தார்.

பதினோராம் நாள் ஒரு கிழவி மிளகாய் காயப் போட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. லாரி வராத, மாடு நடக்காத, புழுதி பறக்காத, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் விழும் கறுப்புத் தார். வற்றல் போடத் தெரிந்த யாருக்கும் கை அரிக்கத்தான் செய்யும். அடுத்த நாள் உளுந்து. அதற்கடுத்த நாள் குழாய் வந்தது.

பட்டாசுக்கு மருந்து அடைப்பதற்கு முன்னால், வெறும் காகிதத்தைப் பசை தடவிக் கம்பியில் உருட்டி எடுக்கிற குழாயைச் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் பெண்கள் உருட்டிக் காய வைத்துக் கம்பெனிக்குக் கொடுப்பார்கள். மருந்தே இல்லாத வெறும் காகிதம், ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் புழுதி ஒட்டினால் எடுக்க மாட்டார்கள், ஈரம் இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். சந்துக்குள் இருக்கும் வீடுகளில் இரண்டு நாள் காய வேண்டியது எங்கள் தாரில் அரை நாளில் காய்ந்தது. ஒரே வாரத்தில் பாதை முழுவதும் குழாய். சிவப்பு, பச்சை, ஊதா என்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. சைக்கிள்கள் எல்லாம் திரும்பவும் லாரி ரோட்டுக்குப் போய்விட்டன.

"இங்கு எதையும் உலர்த்தக் கூடாது" என்று போர்டு வைத்தோம். அதன் மேல் யாரோ பாவாடை காயப் போட்டார்கள்.

கமிஷனர் பொறுமையிழந்து, எல்லாவற்றையும் அள்ளிவிடச் சொன்னார். மேடத்துக்கு அன்று மதுரையில் மீட்டிங். நான் குப்பை டிராக்டரையும் நாலு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனேன். அள்ளிக்கொண்டே போனோம். பெண்கள் கத்தினார்கள், சிலர் ஓடிவந்து தங்கள் குழாயைச் சேலையில் வாரிக்கொண்டு போனார்கள். கடைசியில் கருவேல நிழலில் ஒருத்தி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. மடியில் பலகை, கையில் கம்பி. எங்களைப் பார்த்தும் உருட்டுவதை நிறுத்தவில்லை. பேச்சியம்மாள்.

"அம்மா, இது சைக்கிளுக்குப் போட்ட ரோடு" என்றேன்.

"சைக்கிளுக்கா போட்டீக? ஏங் காலுக்குல்ல போட்டீக" என்றாள். "இந்தக் காலு ஒடிஞ்சதுக்கப்பறந்தான ரோடு வந்துச்சு? ஒடிஞ்ச காலு இங்கனதான் உக்காந்திருக்கு. கம்பெனிக்குப் போக முடியல. இத உருட்டித்தான் ரெண்டு பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊத்துதேன். இதையும் அள்ளணும்னா அள்ளிட்டுப் போங்க."

ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்றைக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உத்தரவு என்று ஒன்று கையில் இருந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது. அள்ளச் சொன்னேன். காலையிலிருந்து அவள் உருட்டியதெல்லாம் குப்பையோடு குப்பையாக நசுங்கிப் போனது. அந்த விளிம்பைப் பார்க்காமல் எழுதியவன் நான், அவள் குழாயை அள்ளியவனும் நான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தம்பி, இந்த இடத்தை ஆபீசில் காட்டாதே.

மறுநாள் காலையில் குழாய்கள் திரும்பி வந்திருந்தன. மேடமும் மதுரையிலிருந்து திரும்பியிருந்தார். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பாதையில எந்த நேரத்துல எத்தன சைக்கிள் போகுதுன்னு நமக்குத் தெரியுமா அண்ணாச்சி?" என்றார்.

தெரியும் என்றேன். வாகனக் கணக்கெடுப்பு எடுத்து ஃபைலில் வைத்திருந்தேனே. ஃபைலை எடுத்துப் பார்த்தார்.

"மூணு நாளும் ஒரே எண்ணிக்கையா இருக்கு?"

"ஒரே ஆளுகதான போறாக மேடம்."

"ரெண்டாவது நாளு நல்ல மழைல்ல? அன்னைக்குப் பள்ளிக்கூடமே லீவு விட்டாக."

நான் ஃபேனைப் பார்த்தேன். அவர் ஃபைலை மூடிவிட்டு, வெற்றுத் தாள்களை என்னிடம் கொடுத்தார். "நாளைக்குக் காலையில ஆறு மணியிலேருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். கூட யாரும் வேண்டாம். நீங்களே உக்காந்து எழுதுங்க."

வாகனக் கணக்கெடுப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாளில் கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம். சைக்கிள், பைக், லாரி, பஸ், மாட்டு வண்டி என்று தனித்தனி வரிசை. ஒரு வண்டி போனால் ஒரு கோடு. நாலு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் கட்ட வேண்டும். கை அந்தப் பக்கம் இருக்கும்போது கண் இந்தப் பக்கம் இருக்க வேண்டும். டீ குடிக்கப் போனால் போச்சு. இதனால்தான் என் பணிக்காலம் முழுவதும் இதை நான் வீட்டில் உட்கார்ந்தே எழுதினேன்.

ஆறு மணிக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு வெள்ளம் மாதிரி வந்தார்கள். கை வலித்தது. எட்டேகாலுக்கு மேல் ரோடு காலியானது. பேச்சியம்மாளை அவள் மூத்த மகள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கருவேல நிழலில் உட்கார வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடிதான். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் தாளைப் பார்த்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கம்பி உருளும் சத்தம் மட்டும்தான்.

திடீரென்று, "ரெண்டு பேர விட்டுட்டீக" என்றாள்.

"எங்க?"

"நீங்க மூக்கச் சிந்துனீகல்ல, அப்ப போனாக. ஒண்ணு போஸ்ட்மேன், இன்னொண்ணு பூக்காரர்."

இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் போஸ்ட்மேன், பூக்காரர் என்று எழுதினேன்.

"அன்னைக்கு அள்ளுனதுக்கு மனசு சரியில்லம்மா" என்றேன். வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"தெரியுது. இல்லாட்டி இந்த வெயில்ல யாரு வந்து உக்காருவா" என்றாள். அதோடு அதை விட்டுவிட்டாள். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

பகல் பன்னிரண்டு மணிக்கு நாலு சைக்கிள்கள் கம்பெனிப் பக்கமிருந்து வேகமாக வந்தன. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நான் நாலு கோடு போட்டேன்.

"அதுக யாருன்னு தெரியுமா?" என்றாள் பேச்சியம்மாள். "பச்சப் பிள்ளக்காரிக. சாப்பாட்டு நேரத்துல வீட்டுக்கு வந்து பால் குடுத்துட்டு ஓடுதுக. போகவர நாலு மைல், அர மணி நேரம். ரோடு காலியா இருந்தா பிள்ள வயிறு நெறையும். லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி வந்தா பாதி வயிறுதான்." உருட்டிய குழாயைக் கம்பியிலிருந்து உருவி வைத்துவிட்டு, "அந்த நாலு பேருக்கு மட்டும் நான் இதச் சுருட்டிக்கிடுதேன் சார். மத்த நேரம் ஆருமே வரலையே, பாத்தீகல்ல?" என்றாள்.

பார்த்தேன். தாளிலும் அப்படித்தான் இருந்தது. காலையில் ஒன்றரை மணி நேரம் கோடுகள் கட்டுக் கட்டாக நின்றன. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மறுபடியும் கட்டுக் கட்டாக. நடுவில் அந்த நாலு கோடும், அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிரியும்தான். ஐந்தடி அகலத்துக்கு அடித்துக்கொண்டோமே தவிர, நேரத்தை எவனும் அளக்கவில்லை.

மேடம் தாளைப் பார்த்தார். இந்தத் தடவை "அளந்தீகளா" என்று கேட்கவில்லை. பூக்காரர் யார் என்று மட்டும் கேட்டார். பிறகு பாதையின் நடுவில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு போடச் சொன்னார். காலை எட்டரைக்கு மேல் கோட்டுக்கு அந்தப் பக்கம் குழாய், இந்தப் பக்கம் பிள்ளைக்காரிகள். நாலரைக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

"நாலரன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும் மேடம்? கையில வாட்ச்சா கட்டியிருக்காக?" என்றேன்.

"சங்கு ஊதுறது நம்ம செக்‌ஷன்தான?" என்றார்.

எங்கள் நகராட்சிச் சங்கு காலை எட்டுக்கும் பகல் பன்னிரண்டுக்கும் மாலை ஆறுக்கும் ஊதும். புதிதாக ஒரு தடவை ஊத வேண்டுமென்றால் மன்றத்தில் தீர்மானம் போட வேண்டும், போட்டால் சங்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார்கள். மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். சங்கு பழுது பார்க்கப்பட்டுள்ளது, எனவே தினமும் மாலை நாலரைக்குச் சோதனை ஒலி எழுப்பப்படும் என்று எழுதி வைத்தார். நான் ஓய்வு பெறும் வரை அந்தச் சங்கைத் தினமும் சோதித்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரு நாளும் அது தோற்கவில்லை.

முதல் நாள் நாலரைக்குச் சங்கு ஊதியதும் கிழக்கு ரோட்டில் குழாய்கள் நகர்ந்தனவோ இல்லையோ, எங்கள் ஆபீஸ் காலியாகிவிட்டது. சுவரில் கடிகாரம் நாலரை என்றது, சங்கு ஆறு என்றது. ஊழியர்கள் சங்கைத்தான் நம்பினார்கள். கமிஷனர் வெளியே வந்து பார்த்தபோது பியூன் கூட இல்லை.

ஆனால் கிழக்கு ரோட்டில் அது வேலை செய்தது. சங்கு கேட்டதும் பெண்கள் வந்து குழாயைச் சாக்கில் வாருவார்கள், ஐந்து மணிக்கு சைக்கிள் கூட்டம் வரும்போது தார் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பிந்தியவளை மற்றவர்களே வைது கிழித்துவிடுவார்கள். அதில் முதல் ஆள் பேச்சியம்மாள். கருவேல மரத்தடியில் உட்கார்ந்தபடியே, "ஏளா, சங்கு காதுல விழலையா? பிள்ளைக வர நேரமாச்சு" என்று அவள் போடும் சத்தம் பாலம் வரை கேட்கும். எங்கள் போர்டு சாதிக்காததை அவள் தொண்டை சாதித்தது. அவள் கால் கட்டைப் பிரித்தார்கள். கொஞ்ச நாள் கம்பு ஊன்றி நடந்தாள். கால் சற்றுக் கோணலாகக் கூடியிருந்தது. கம்பெனிக்குத் திரும்பப் போக முடியுமா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

தை மாதம் ஒரு நாள். நாலரைச் சங்கு ஊதி முடித்த பிறகு, வழக்கம் போல சைக்கிளை உருட்டிக்கொண்டு பாதையைப் பார்க்கப் போனேன். பாதை முழுவதும் காலி, பேச்சியம்மாள் இடம் மட்டும் அப்படியே கிடந்தது. ஆளைக் காணோம். காற்றில் குழாய்கள் உருண்டு கோட்டைத் தாண்டி முழு அகலத்துக்கும் பரவியிருந்தன. எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. ஊரையெல்லாம் விரட்டுகிறவள் இப்படிச் செய்யலாமா என்று நினைத்தேன். அதற்குள் பயமும் வந்தது. மறுபடியும் எங்கேயாவது விழுந்துவிட்டாளோ?

ஐந்து மணிக் கூட்டம் வந்துவிட்டது. முதலில் வந்தவர்கள் குழாயைப் பார்த்ததும் பிரேக் பிடித்தார்கள். பின்னால் வந்தவர்கள் மணி அடித்தார்கள். சைக்கிள்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தேங்கின. கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது.

"எவ அவ? சங்கு ஊதி அர மணி நேரமாச்சு! ஊரு பூரா எடுத்திருக்கு, அந்த மகாராசிக்கு மட்டும் தனியா ஊதணுமோ?"

முன்னால் நின்ற முத்துலட்சுமி திரும்பி, "இங்கன வந்து பாருங்க மதினி, எவன்னு தெரியும்" என்றாள்.

கூட்டம் விலகியது. பேச்சியம்மாள் சைக்கிளில் வந்து ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள். குழாய்களைப் பார்த்தாள். ஊதாக் காகிதம், அவளுடையது. வாய் அப்படியே திறந்து நின்றது.

அன்றுதான் முதல் நாள் கம்பெனிக்குப் போயிருக்கிறாள். கால் தாங்குமா என்று யாருக்கும் சொல்லாமல் பார்க்கப் போயிருக்கிறாள். எட்டரைக்குக் குழாயைப் பரப்பிவிடு என்று மகளிடம் சொன்னவள், எடுப்பது யார் என்று சொல்ல மறந்திருக்கிறாள். அது எப்போதும் அவள் வேலைதானே.

"அய்யய்யோ" என்று வாயில் கை வைத்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். சைக்கிள்களை ஸ்டாண்ட் போட்டுவிட்டு எல்லாரும் குனிந்து பொறுக்கினார்கள். நானும் பொறுக்கினேன். கண் கலங்கியிருந்தது, குனிந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஆடி மாதத்திலிருந்து நெஞ்சில் கிடந்த ஒன்று அன்றைக்குத்தான் இறங்கியது.

சாக்கு மூட்டையை அவள் கேரியரில் கட்டினார்கள். "வாங்க சார், சேந்து போவோம்" என்றாள் பேச்சியம்மாள்.

"நீங்க போங்க. நான் ரோட்டப் பாத்துக்கிட்டே வாரேன்."

"எம்புட்டு நாளைக்குத்தான் பாப்பீக?" என்றவள் என் சைக்கிளை உற்றுப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. விரலால் அதன் மேல் ஒரு கோடு இழுத்தாள். தூசியில் கோடு விழுந்தது.

"ஏ முத்து, இங்க வா. இந்தச் சீட்டுல ஆளு உக்காந்ததே இல்லடி." என் முகத்தைப் பார்த்தாள். "சார், ஒங்களுக்கு ஓட்டத் தெரியாதா?"

நற்சான்றிதழைக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "தெரியாது" என்றேன்.

எழுந்த சிரிப்பைப் பற்றி எழுத மாட்டேன். அது அடங்க வெகு நேரம் ஆனது. "அப்பறம் எப்படி சார் எங்களுக்கு ரோடு போட்டீக?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. முத்துலட்சுமி தன் கேரியரைத் தட்டினாள். "ஏறுங்க. ஒங்கள மாதிரி ரெண்டு மூடைய நான் டெய்லி ஏத்துதேன்." வேண்டாம் என்று பார்த்தேன், விடவில்லை. இன்னொரு பெண் ஒரு கையால் தன் சைக்கிளையும் மறு கையால் என் சைக்கிளையும் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். ஐம்பது வயது அரசாங்க ஊழியன், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கேரியர் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி, நான் போட்ட ரோட்டில் முதல் தடவையாகப் போனேன். முன்னால் பேச்சியம்மாள். வலது காலைச் சற்றுச் சாய்த்து மிதித்தாள், ஆனால் மிதித்தாள்.

ஓடைப் பாலத்தைத் தாண்டினோம். கேரியர் என்னை அரை அடி தூக்கி எறிந்து திரும்ப வாங்கியது. பற்கள் மோதி நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

முன்னாலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், பேச்சியம்மாள் கத்தினாள். "சார்! பள்ளமே இல்லன்னு எழுதுனீகளாமே!"

மறுநாள் காலை அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்குக் குறிப்பு வைத்தேன். "நேரில் நின்று ஆய்வு செய்யப்பட்டது" என்று கை தன்னால் எழுதியது. அதை அடித்துவிட்டு, "நேரில் உட்கார்ந்து ஆய்வு செய்யப்பட்டது" என்று எழுதினேன். எஸ்தர் மேடம் படித்தார். ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். அளந்தீகளா என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டார்.